மலைக்கோயிலுக்கு வேன் கிளம்புது... இறங்கி வர்றதுக்கு பிளான் இருக்கா?

வில்லியனூர்: சனிக்கிழமை சாயங்காலம் கூலி கைக்கு வந்ததும் வேன் ஏறு. ராத்திரியோட ராத்திரியா மலை ஏறு. ஞாயிற்றுக்கிழமை சாமி கும்பிட்டு இறங்கு. திங்கட்கிழமை காலையில் வழக்கம்போல சித்தாள் வேலைக்கோ, கம்பெனி ஷிப்டுக்கோ போய் நில்லு.

வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் மலைக்கோயிலுக்குப் போகும் பலரும் போடுகிற பிளான் இதுதான். பர்வதமலை, வெள்ளியங்கிரி, சதுரகிரி, சபரிமலை, திருப்பதி என்று ஊர் மாறும். ஆனால் கணக்கு மாறாது. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போச்சு. அதனால் எல்லாத்தையும் ஒரே ராத்திரியில் முடிக்கணும்.

ஆபத்து தொடங்குவதும் இங்கேதான். தூங்காத உடம்பு, காலி வயிறு, இருட்டு, அவசரம், தூக்கக் கலக்கத்தில் டிரைவர். இத்தனையும் ஒரே பயணத்தில் சேர்ந்துவிடுகிறது. மேலே ஏறுவதற்கு எல்லோரிடமும் பிளான் இருக்கிறது. பத்திரமாக இறங்கி வீடு வந்து சேருவதற்குத்தான் பிளான் இல்லை.

அங்கே மழை, இங்கே வெள்ளம்

மலையில் பெய்யும் மழை என்ன செய்யும் என்று பாகூர், வில்லியனூர் ஜனங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

2024 நவம்பர் 30-ந்தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டித் தீர்த்தது. அந்த மழை நின்ற பிறகுதான் பாகூருக்கு அடுத்த கண்டம் வந்தது. திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் சாத்தனூர் அணையில் இருந்து 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்து விடப்பட்டது. தென்பெண்ணை ஆறு பெருக்கெடுத்து சோரியாங்குப்பம், குருவிநத்தம் பக்கமெல்லாம் வெள்ளம் புகுந்தது. வில்லியனூர் பக்கமும் இதே கதைதான். செஞ்சி மலைப்பகுதியில் மழை பெய்து வீடூர் அணை திறந்தால் சங்கராபரணி ஆற்றோரம் இருப்பவர்களுக்கு உஷார் அறிவிப்பு வரும்.

மலைக்கோயில் பாதையிலும் நடப்பது இதேதான். ஒரே ஒரு வித்தியாசம். ஆற்று வெள்ளம் ஊருக்கு வந்து சேர பல மணி நேரம் ஆகும். காட்டு ஓடையில் நிமிஷக் கணக்கில் வந்துவிடும். அடிவாரத்தில் வெயில் அடிக்கும். மேலே உச்சியில் மழை பெய்திருக்கும். போகும்போது கணுக்கால் நனைத்த ஓடை, வரும்போது இடுப்பளவு சீறிக்கொண்டு ஓடும். முழங்கால் அளவு தண்ணீரே வேகமாக ஓடினால் ஆளைத் தள்ளிவிடும். அதில் கல்லும் மரக்கட்டையும் வேறு உருண்டு வரும்.

2025 ஆகஸ்டில் பர்வதமலைக்குப் போய்விட்டு இறங்கிய சென்னை பெண்கள் 2 பேர் இப்படித்தான் காட்டாற்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தனர். சதுரகிரியில் 2015 மே மாதம் அமாவாசைக்குப் போன பக்தர்கள் திடீர் வெள்ளத்தில் சிக்கி பலர் உயிரிழந்தனர். மே மாதம் என்றால் கோடை. மழைக்காலம்தான் ஆபத்து, கோடையில் பயமில்லை என்று நினைப்பது தப்பு. கோடை மழை சாயங்காலத்தில் இடியோடு கொட்டும். பக்தர்கள் இறங்குகிற நேரமும் அதுதான்.

ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான். கடக்காதீங்க. மேடான பக்கம் ஒதுங்கி உட்காருங்க. காட்டு ஓடை வந்த வேகத்திலேயே வடியும். மழை விட்டதும் சில மணி நேரத்தில் தண்ணீர் இறங்கிவிடும். "கையைக் கோர்த்துக்கிட்டு போயிடலாம்" என்று இறங்கினால் ஒருவர் கால் வழுக்கும்போது நாலு பேரும் சேர்ந்து போக வேண்டி வரும்.

"சிமெண்ட் மூட்டையே தூக்குறோம், மலை என்ன?"

இந்தப் பேச்சு எல்லா வேனிலும் உண்டு. உடம்பு உழைப்பால் உரமேறியது உண்மைதான். ஆனால் மலையேற்றம் வேற கணக்கு.

மூட்டை தூக்குகிறவர் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு நிமிஷம் நிற்பார், டீ குடிப்பார். மலையில் அப்படி இல்லை. மூணு மணி, நாலு மணி நேரம் விடாமல் சொந்த உடம்பையே தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். இதயம் அவ்வளவு நேரமும் வேகமாக அடிக்கும். ஏற்கனவே ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தால் ஊரில் இருக்கும்போது தெரியாது. மலையில் காட்டிக்கொடுத்துவிடும். அதோடு ராத்திரி முழுக்க வேனில் கண் விழித்து, விரதம் என்று சாப்பிடாமல், வியர்வையில் உப்பும் தண்ணீரும் போன உடம்பு. பீடி, சிகரெட் பழக்கமும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கோவை பூண்டியில் இருந்து ஏழு மலை தாண்டிப் போகும் வெள்ளியங்கிரியில் 2024 சீசனில் மே மாதத்துக்குள் 9 பேர் வரை இறந்தனர். மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும்தான் பெரும்பாலும் காரணமாக சொல்லப்பட்டது. இறந்தவர்களில் வயசானவர்கள் மட்டும் இல்லை, இளவட்டமும் உண்டு. இதய நோய், மூச்சுத்திணறல், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்லி வருகிறது. சபரிமலைக்கு ஏறும் நீலிமலை, அப்பாச்சிமேடு ஏற்றத்தில் இதய சிகிச்சை மையமும், வழி நெடுக ஆக்சிஜன் வசதியும் வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

கிளம்புவதற்கு 2 வாரம் முன்பே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷரும் சுகரும் பார்த்துக்கொள்வது நல்லது. ஸ்டென்ட் வைத்தவர்கள், நெஞ்சுவலிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஏறக்கூடாது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் பட்டினியோடு ஏறினால் சுகர் இறங்கி மயக்கம் வரும். விரதம் சாமிக்குத்தான், மாத்திரையை நிறுத்துவதற்கு இல்லை. சட்டைப்பையில் வெல்லமோ, மிட்டாயோ இருக்கட்டும்.

நெஞ்சு இறுக்கம், இடது கை அல்லது தாடை வலி, ஜில்லென்று வியர்வை, தலைசுற்றல். இதில் ஒன்று வந்தாலும் அங்கேயே உட்கார வேண்டும். "இன்னும் ஒரு மலைதான், பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏறிடு" என்று கூட வருகிறவர்கள் உசுப்பேற்றக் கூடாது. ஒருவர் கூடவே இருக்க, இன்னொருவர் கீழே ஓடி ஆள் கூப்பிட வேண்டும். பாதி இடத்தில் சிக்னல் இருக்காது. செல்போனை நம்பி மட்டும் ஏற முடியாது.

கடிகாரம் சொல்கிறபடி இறங்கணும்

உதாரணத்துக்கு பர்வதமலை. திருவண்ணாமலை மாவட்டம் கலசபாக்கம் தாலுகாவில் சுமார் 4,560 அடி உயரத்தில் மல்லிகார்ஜுனரும் பிரம்மராம்பிகையும் இருக்கும் கோயில். தென்மாதிமங்கலம், கடலாடி என்று இரண்டு பக்கமும் வழி உண்டு. முதலில் படிக்கட்டு. அப்புறம் கல்லும் முள்ளுமாக காட்டுப் பாதை. கடைசியில் பாறையில் அடித்திருக்கும் கடப்பாரையையும் சங்கிலியையும் பிடித்து ஏறணும். பௌர்ணமிக்கு நம்ம பக்கத்தில் இருந்தும் கூட்டம் போகும்.

கணக்கை கீழே இருந்து போடாமல், மேலே இருந்து திருப்பிப் போட வேண்டும். இருட்டுவது 6 மணி. இறங்க 3 மணி நேரம். கால் சுளுக்கு, மழை என்றால் கைவசம் ஒரு மணி நேரம். ஆக, பகல் 2 மணிக்கு மேலே இருந்து கிளம்பியே ஆகணும். தரிசனத்துக்கு ஒரு மணி நேரம். ஏறுவதற்கு 4 மணி நேரம். அப்படியானால் காலை 9 மணிக்கு முன்பே முதல் படியில் கால் வைத்திருக்க வேண்டும். 6 மணிக்கே வைத்தால் இன்னும் நல்லது.

பகல் 12 மணி ஆகியும் பாதி மலைதான் வந்திருக்கிறோம் என்றால்? அங்கேயே கற்பூரம் ஏற்றாமல் மனசுக்குள் கும்பிட்டு திரும்பிவிடுவதே புத்திசாலித்தனம். காட்டில் கற்பூரம் ஏற்றினால் தீ பிடிக்கும்.

வில்லியனூரில் இருந்து திருவண்ணாமலை சுமார் 100 கி.மீ. அங்கிருந்து மலை அடிவாரம் சுமார் 30 கி.மீ. நடுராத்திரி கிளம்பி விடியக்காலை ஏறுவதைவிட, முதல் நாள் சாயங்காலமே போய் திருவண்ணாமலையில் அண்ணாமலையாரை கும்பிட்டு, சத்திரத்திலோ லாட்ஜிலோ ஆறு மணி நேரம் தூங்கி எழுந்து போவதே சரி. பஸ்சில் போகிறவர்களுக்கும் இதுவே வசதி.

தூரத்து மலைகளுக்கு இது இன்னும் அவசியம். வெள்ளியங்கிரி அடிவாரம் இங்கிருந்து ஏறக்குறைய 400 கி.மீ. ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்தே போகணும். கோடை வெயிலுக்கு பயந்து அங்கே பலர் ராத்திரியில் ஏறுவார்கள். அப்படி ஏறுவதாக இருந்தால் பகல் முழுக்க பூண்டியில் படுத்துத் தூங்கிவிட்டு ஏறணும். இறங்கிய கையோடு வேனை எடுக்கச் சொல்லக் கூடாது.

ஆமாம், இதில் ஒரு நாள் கூலி போகும். அதற்குத்தான் பொங்கல் லீவு, சேர்ந்தாற்போல் வரும் விடுமுறை நாட்களைப் பார்த்து தேதி குறிக்க வேண்டும். திருப்பதி சீட்டு கட்டுகிற தெருக்களில் வேன் வாடகையோடு அந்த ஒரு நாள் கூலியையும் கணக்கில் சேர்த்து மாசா மாசம் போட்டால் கடைசி நேரத்தில் இடிக்காது.

எந்த மலை எப்போ?

வெள்ளியங்கிரி: வருஷம் முழுக்க விடமாட்டார்கள். பொதுவாக பிப்ரவரியில் இருந்து மே வரைதான் அனுமதி. பிளாஸ்டிக் சோதனை கண்டிப்பாக உண்டு.

சதுரகிரி: ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வத்திராயிருப்பு போய், தாணிப்பாறையில் இருந்து ஏறணும். புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் மலை. காலை நேரத்தில்தான் ஏற விடுவார்கள். ராத்திரி மேலே தங்க முடியாது. மழை என்றால் கேட்டை மூடிவிடுவார்கள். ஆடி அமாவாசைக்கு கூட்டம் அலைமோதும்.

பர்வதமலை: மழைக்காலம் முடிந்து தை, மாசியில் போவது நல்லது. கூட்டமும் நெரிசலும் வேண்டாம் என்றால் பௌர்ணமியைத் தவிர்த்து வேறு நாள் பார்க்கலாம்.

சபரிமலை: கார்த்திகை முதல் தேதியில் இருந்து மகரவிளக்கு வரை பெரிய சீசன். அதைத் தவிர ஒவ்வொரு மலையாள மாசப் பிறப்பிலும் சில நாள் நடை திறக்கும். முன்பதிவு செய்துவிட்டு போவதே நல்லது. மகரஜோதி அன்றுதான் போவேன் என்று அடம் பிடிப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. 1999 ஜனவரி 14-ல் பம்பையில் 53 பேரும், 2011 ஜனவரி 14-ல் புல்மேட்டில் 100-க்கும் மேற்பட்டோரும் நெரிசலில் செத்தார்கள். இரண்டுமே ஜோதி பார்த்த கூட்டம்தான்.

திருப்பதி: அலிபிரி பாதையில் 3,550 படி. ஸ்ரீவாரி மெட்டு பாதையில் 2,388 படி, தூரம் குறைவு, ஆனால் செங்குத்து. 2023 ஆகஸ்டில் அலிபிரி பாதையில் 6 வயசு சிறுமியை சிறுத்தை கொன்றது. அதில் இருந்து பிள்ளைகளோடு நடப்பவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு வந்தது. பிள்ளைகளை முன்னால் ஓட விடாமல் கையைப் பிடித்தே நடக்கணும். புரட்டாசி சனியும் வைகுண்ட ஏகாதசியும் தவிர்த்தால் நெரிசல் குறையும். 2025 ஜனவரி 8-ந்தேதி சொர்க்கவாசல் டோக்கன் வாங்க நின்ற கூட்டத்தில் 6 பேர் இறந்ததை மறக்க முடியாது.

திருவண்ணாமலை: கிரிவலம் 14 கி.மீ., சமதரை ரோடு. பௌர்ணமிக்கு ஸ்பெஷல் பஸ்கள் உண்டு. ஆனால் மலை உச்சிக்கு இஷ்டத்துக்கு ஏற முடியாது. 2024 டிசம்பர் 1-ந்தேதி அதே பெஞ்சல் மழையில் மலையில் மண் சரிந்து 7 பேர் இறந்தனர். அந்த வருஷ தீபத்துக்கு பக்தர்களை மலையேற விடவில்லை.

எந்த மலையாக இருந்தாலும் கிளம்பும் அன்று காலை அந்த மாவட்ட செய்தியையும், வானிலை அறிவிப்பையும், வனத்துறை அனுமதியையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வண்டி ஏறணும். அட்வான்ஸ் கொடுத்தாச்சே என்று கிளம்பி, அடிவாரத்தில் கேட் மூடியிருப்பதைப் பார்த்து வேறு குறுக்கு வழியில் ஏறுவது இருக்கிறதே, அதைவிட ஆபத்து வேறில்லை. வழி தவறினால் தேடி வர ஆளுக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்றே தெரியாது.

முட்டி வலிக்கிற அம்மாவுக்கும் மலை உண்டு

வயசானவர்களை வீட்டில் விட்டுப் போக மனசு வராது. கூட்டிப் போனால் பாதி வழியில் உட்கார்ந்து விடுவார்கள். அவர்களுக்கு ஏற்ற மலை தனி.

பக்கத்திலேயே மயிலம் முருகன் கோயில் இருக்கிறது. சின்ன மலை. காலையில் போய் மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். பங்குனி உத்திரத்துக்கு மட்டும் கூட்டம் அதிகம். பழனியில் 693 படி. ஏற முடியாதவர்களுக்கு விஞ்ச் உண்டு, ரோப்காரும் உண்டு. பராமரிப்புக்காக ரோப்காரை சில வாரம் நிறுத்துவார்கள் என்பதால் கேட்டுவிட்டுப் போகணும். சோளிங்கர் யோக நரசிம்மர் மலைக்கு 1,305 படி. வருஷக்கணக்கில் ஏற முடியாமல் ஏங்கியவர்களுக்காக 2024-ல் அங்கேயும் ரோப்கார் வந்துவிட்டது. திருப்பதிக்கு மேலேயே பஸ் போகிறது.

டிரைவரும் மனுஷன்தான்

மலை ஏறும் பயத்தில் ரோட்டை மறந்துவிடுகிறார்கள். பக்தர்கள் வேனில் தூங்குவார்கள். மலையில் அவர்களோடு சேர்ந்து டிரைவரும் ஏறி இறங்கிவிட்டு, திரும்பும்போது விடிய விடிய அவரே ஓட்டுவார். விடியக்காலை 2 மணியில் இருந்து 5 மணி வரை கண் தானாக மூடும். கண்ணாடியை இறக்கிவிட்டாலும், பாட்டை அலற விட்டாலும் தூக்கம் போகாது. தூங்கினால்தான் போகும்.

வேன் பேசும்போதே மூணு விஷயம் கேட்டுக்கொள்ள வேண்டும். தூரப் பயணத்துக்கு இரண்டாவது டிரைவர் உண்டா? புதுச்சேரி வண்டி தமிழகம், ஆந்திரா, கேரளா போக பெர்மிட், இன்சூரன்ஸ் இருக்கா? சீட்டுக்கு மேல் ஆள் ஏற்றாமல் போகுமா? டிரைவர் மலை ஏறாமல் அடிவாரத்தில் தூங்க வேண்டும் என்பதையும் முதலிலேயே பேசிவிட வேண்டும். 14 பேர் போகிற வண்டியில் 20 பேர் போனால் ஆளுக்கு கொஞ்சம் காசு மிச்சம். பிரேக் பிடிக்காமல் போனால் அந்த மிச்சம் எதற்கு?

பையில் இருக்க வேண்டியது

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், அது பிளாஸ்டிக் பாட்டில் இல்லாமல் இருந்தால் சோதனையில் தொந்தரவு இல்லை. உப்பு சர்க்கரை கரைசல் பாக்கெட், பேரீச்சை, கடலை மிட்டாய். டார்ச் லைட், அதற்கு மாற்று பேட்டரி. ஊன்றுவதற்கு ஒரு கழி. மேலே குளிருக்கு துண்டோ ஸ்வெட்டரோ. தினமும் சாப்பிடும் மாத்திரை. ஆதார் நகல். ஒரு சீட்டில் பெயர், ரத்த வகை, வீட்டு போன் நம்பர் எழுதி சட்டைப்பையில் வைத்தால் மயங்கி விழுந்தாலும் யார் என்று தெரியும். 108 ஆம்புலன்ஸ் தமிழகத்திலும் புதுச்சேரியிலும் ஒரே நம்பர்தான்.

வேனில் ஒருவர் பொறுப்பாளர். ஏறும்போதும் இறங்கிய பிறகும் தலையை எண்ணணும். ரொம்ப மெதுவாக நடப்பவர் முன்னால் போகணும், திடமான ஆள் கடைசியில் வரணும். வேகமானவர்கள் முன்னால் போய்விட்டால் பின்னால் விழுந்தவரை யாரும் பார்க்க மாட்டார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் மலை ஏற முடியாமல் போகலாம். மழை வரலாம், கேட் மூடலாம், கூட வந்தவருக்கு மூச்சு வாங்கலாம். "இவ்வளவு தூரம் வந்துட்டு பார்க்காம போறதா?" என்ற பேச்சு அப்போது வரும். அந்த நேரத்தில் திரும்புவோம் என்று சொல்கிறவர் பேச்சை எல்லோரும் கேட்கணும் என்பதை வில்லியனூரில் வேன் கிளம்பும்போதே முடிவு பண்ணிவிட வேண்டும்.

மலை எங்கேயும் போகாது. சாமியும் எங்கேயும் போகாது. அடுத்த தை மாசம் திரும்பவும் வேன் கிளம்பும். அந்த வேனில் இதே ஆளுங்க எல்லோரும் இருக்கணும், அவ்வளவுதான்.